பூவும் ஆளும் ஒரே படத்தில்: நவீன ஓவியத்தில் மலரைப் படிப்பது எப்படி?

2025 நவம்பர் 20 அன்று நியூயார்க்கில் சாத்பீஸ் நிறுவனம் நடத்திய ஏலத்தில், மெக்சிகோ ஓவியர் ஃப்ரீடா காலோ 1940-இல் வரைந்த 'கனவு (கட்டில்)' 5.47 கோடி டாலருக்கு விலைபோனது. பெண் ஓவியர் ஒருவரின் படைப்புக்கு ஏலத்தில் அதுவரை கிடைத்திராத விலை. அதற்கு முன் பதினொரு ஆண்டுகள் அந்த இடத்தில் இருந்தது அமெரிக்க ஓவியர் ஜார்ஜியா ஓ'கீஃப் 1932-இல் வரைந்த வெள்ளை ஊமத்தம்பூ. 2014 நவம்பரில் அது 4.44 கோடி டாலருக்குப் போயிற்று.

இரண்டிலும் பூ இருக்கிறது. காலோவின் படத்தில் ஒரு பெண் தூங்குகிறாள். அவளுக்கு மேலே, கட்டிலின் கூரையில் படுத்திருக்கும் எலும்புக்கூட்டின் கையில் ஒரு பூங்கொத்து. ஓ'கீஃபின் படத்தில் ஆளே இல்லை. ஆனாலும் பார்ப்பவர்கள் பலர் அதில் பெண்ணுடலைக் காண்கிறார்கள். முதல் படத்தின் பூ மரணத்தைக் குறிக்கிறது, இரண்டாவது பெண்மையைக் குறிக்கிறது என்று சொல்லிவிட்டு நகர்வது எளிது. எந்தப் படத்துக்கும் பொருந்தும் விளக்கம் அது என்பதுதான் சிக்கல். படத்தைப் பார்க்காமலேயே சொல்லிவிடக்கூடியது ஓவிய வாசிப்பு ஆகாது.

இந்தக் கட்டுரை எடுத்துக்கொள்ளும் கேள்வி ஒன்றுதான்: மனித உருவின் பக்கத்தில் வரும் பூ அந்தப் படத்தில் என்ன வேலை செய்கிறது? என்ன பொருள் என்று கேட்பதற்கு முன் இதைக் கேட்டால், பொருளும் பெரும்பாலும் தானாகவே வந்துசேரும்.

முதலில் சில சொற்கள்

1. உருவம்: படத்திலுள்ள மனித உடல். அதற்காக அமர்ந்து கொடுத்த மாடல் வேறு, படத்தில் அந்த உருவம் யார் என்பது வேறு. இரண்டையும் கலக்கக் கூடாது.

2. அடையாளப் பொருள்: ஆள் யார் என்று காட்டிக்கொடுக்கும் பொருள். வேலும் மயிலும் கண்டால் முருகன் என்று நாம் சொல்லிவிடுகிறோம் அல்லவா? ஐரோப்பிய தேவாலய ஓவியத்தில் கபிரியேல் தூதரின் கையிலோ மரியாளின் அருகிலோ இருக்கும் வெள்ளை லில்லி அப்படிப்பட்டது. ஊரே ஒப்புக்கொண்ட பொருள் அது. ஓவியர் மாற்ற முடியாது.

3. குறியீடு: தன்னைத் தாண்டி வேறொன்றைச் சுட்டுவது. அடையாளப் பொருளைப் போல இதற்குக் கட்டிய பொருள் கிடையாது. பக்கத்தில் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்து மாறும்.

4. மோட்டிஃப்: ஒரே படத்திலோ பல படங்களிலோ திரும்பத் திரும்ப வரும் வடிவம். இதற்குப் பொருள் இருந்தே ஆகவேண்டும் என்ற கட்டாயமில்லை. ஆஸ்திரிய ஓவியர் கிளிம்ட்டின் 'முத்தம்' (1907–08) ஓவியத்தில் ஆணின் அங்கியில் நீள்சதுரங்களும் பெண்ணின் உடையில் வட்டங்களும் பூக்களும் நிறைந்திருக்கின்றன. அங்கே ஒவ்வொரு பூவுக்கும் பொருள் தேடுவது வீண். இரண்டு வடிவக் கூட்டங்கள் ஒன்றையொன்று தழுவுகின்றன என்பதே செய்தி.

5. பறித்த பூ, செடியில் நிற்கும் பூ: கலை வரலாற்று நூல்கள் இந்தப் பிரிவைப் பெரிதாகப் பேசுவதில்லை. ஆனால் மனித உருவோடு சேரும்போது எல்லாமே இதில்தான் திரும்புகிறது. பறித்த பூ என்றால் யாரோ பறித்தார், யாரோ விலை கொடுத்தார், யாரோ யாருக்கோ கொடுத்தார். அதற்குப் பின்னால் ஒரு மனிதச் செயல் இருக்கிறது. செடியில் நிற்கும் பூவுக்குப் பின்னால் மண்ணும் காலமும் இருக்கின்றன.

பருவத்தையும் சேர்த்துக்கொள்ளலாம். அரும்பு, முகை, போது, மலர், அலர், வீ, செம்மல் என்று பூவின் ஒவ்வொரு நிலைக்கும் தமிழில் சொல் இருப்பது இந்த வேலைக்குப் பெரிய வசதி. வான்கோவின் சூரியகாந்திகளை 'மலர்கள்' என்று மொத்தமாகச் சொன்னால் பாதிப் படம் கண்ணிலிருந்து நழுவிவிடும். ஒரே ஜாடிக்குள் விரிந்தவையும் உண்டு, இதழ் உதிர்ந்து விதை முற்றியவையும் உண்டு.

பழைய தரவரிசையும் அதன் விளைவும்

1667-இல் பிரெஞ்சு ஓவியக் கழகத்துக்காக ஆந்த்ரே ஃபெலிபியன் ஒரு தரவரிசையை எழுதினார். இறைவனின் படைப்பில் மனிதனே முழுமையானவன். ஆகவே மனித உருவை வரைபவரே உயர்ந்தவர். அதற்குக் கீழே உயிருள்ள விலங்குகளை வரைபவர். பழம், பூ, சிப்பி வரைபவர் அடிமட்டம். இருநூறு ஆண்டுகள் பிரெஞ்சு ஓவியப் பயிற்சி, பரிசு, விலை எல்லாம் இந்த ஏணியின்படிதான் நடந்தன.

இதிலிருந்து மூன்று விளைவுகள் பிறந்தன.

முதலாவது, பூ 'பெண்களின் வேலை' ஆயிற்று. ஆடையற்ற மாடலைப் பார்த்து வரையும் வகுப்பு மனித உருவத்துக்கு அடிப்படை. அதில் பெண்களுக்கு இடமில்லை. பாரிஸின் அரசு நுண்கலைப் பள்ளி பெண்களைச் சேர்த்துக்கொண்டதே 1897-இல்தான். உடலைப் படிக்க வழியில்லாதவர்கள் பூவை வரைந்தார்கள். பிறகு, பெண்களுக்குப் பூதான் இயல்பாக வரும் என்று உலகம் சொன்னது.

இரண்டாவது, உருவத்தோடு சேரும் பூ எப்போதும் துணைப்பொருளாகவே இருந்தது. கையில் கொஞ்சம், கூந்தலில் கொஞ்சம், மூலையில் ஒரு ஜாடி. அது முன்னால் வந்தாலே ஒழுங்கு குலைந்தது என்று பொருள்.

மூன்றாவது, அகராதி வாசிப்பு. 1819-இல் பாரிஸில் 'பூக்களின் மொழி' பற்றிய நூல் ஒன்று வெளிவந்து பெரும் புகழ் பெற்றது. அதைப் பார்த்துப் பல நூல்கள் வந்தன. ரோஜா காதல், வயலட் அடக்கம் என்ற பட்டியல்கள். வரவேற்பறையில் பொழுது போக்கவும் பரிசளிக்கவும் செய்யப்பட்டவை அவை. ஓவியர்கள் கடைப்பிடித்த விதிநூல்கள் அல்ல. ஒரே பூவுக்கு நூலுக்கு நூல் பொருள் மாறும். நவீன ஓவியத்துக்கு அவற்றைச் சாவியாக எடுத்துக்கொள்வதுதான் மிகப் பரவலான தவறு.

1865: ஒரே ஆண்டு, இரண்டு பூங்கொத்துகள்

எதுவார் மனேயின் 'ஒலிம்பியா' 1863-இல் வரையப்பட்டு 1865-இல் பாரிஸ் சலோன் கண்காட்சிக்கு வந்தது. கேன்வாஸ் ஏறத்தாழ 130-க்கு 190 செ.மீ. படுத்திருக்கும் ஆடையற்ற பெண் நேராக நம்மைப் பார்க்கிறாள். கூந்தலில் ஒரு பெரிய பூ, கழுத்தில் கறுப்பு நாடா. பின்னால் ஒரு கறுப்பினப் பணிப்பெண் காகிதத்தில் சுற்றிய பூங்கொத்தை நீட்டுகிறாள். காலடியில் கறுப்புப் பூனை. எதிர்ப்பு எழுந்ததில் படத்தைக் கதவுக்கு மேலே உயரத்தில் மாற்றித் தொங்கவிட வேண்டியதாயிற்று.

மனே கையாண்ட முன்மாதிரி இத்தாலிய ஓவியர் டிஷியனின் 'உர்பினோவின் வீனஸ்' (1538). வீனஸ் ரோமானியரின் காதல் தெய்வம். அங்கேயும் பெண் படுத்திருக்கிறாள், அங்கேயும் பூ உண்டு. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் பூவின் வேலை புலப்படும்.

1. டிஷியனில் ரோஜாக்கள் வீனஸின் கையிலேயே இருக்கின்றன. அவளுடைய பூ, வீனஸுக்குரிய அடையாளப் பொருள். மனேயில் கொத்து இன்னும் அவள் கைக்கு வரவில்லை. நடுவில் ஒரு வேலைக்காரி நிற்கிறாள்.

2. டிஷியனின் ரோஜாக்களைச் சுற்றி ஒன்றும் இல்லை. மனேயில் கடைக் காகிதம் சுற்றியிருக்கிறது. பூக்கடையில் விலை கொடுத்து, இன்னொருவர் மூலம் அனுப்பிய பொருள் அது. அனுப்பிய ஆள் படத்தில் இல்லை. அவர் நிற்கும் இடம், படத்தைப் பார்க்கும் நாம் நிற்கும் இடமேதான்.

3. ஒலிம்பியா பூங்கொத்தை ஏறிட்டும் பார்க்கவில்லை. பரிசு வந்திருக்கிறது, அவளுக்கு அதில் அக்கறை இல்லை. 1865-இன் பார்வையாளரைச் சுட்டது ஆடையின்மை அல்ல. ஆடையற்ற வீனஸ்கள் சலோனில் ஆண்டுதோறும் தொங்கின. கொடுத்தவனைக் கவனிக்காத அந்தப் பார்வைதான் சுட்டது.

கூந்தலில் இருப்பது ஆர்க்கிட் என்று பலர் எழுதுகிறார்கள். வேறு பூ என்று சொல்வோரும் உண்டு. ஆர்க்கிட் என்று முடிவு செய்து, ஆர்க்கிட் காமத்தைக் குறிக்கும் என்று தொடர்வது ஆட்டங்கண்ட அடித்தளத்தில் வீடு கட்டுவது. மேலே சொன்ன மூன்று புள்ளிகளுக்கும் பூவின் பெயரே தேவைப்படவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

இதற்கு எதிர்வாதமும் அந்தக் காலத்திலேயே எழுந்தது. மனேயை ஆதரித்து 1867-இல் எழுதிய நாவலாசிரியர் எமில் ஸோலா, ஓவியருக்கு வெளிச்சமான திட்டுகள் தேவைப்பட்டன, அதனால் பூங்கொத்து வைத்தார் என்றார். கறுப்பு தேவைப்பட்டது, அதனால் பணிப்பெண்ணையும் பூனையையும் வைத்தார், அவ்வளவுதான். அருகில் போய்ப் பார்த்தால் அவர் சொன்னதில் பாதி சரி. கொத்தில் இதழ்கள் தனித்தனியாக இல்லை. வெள்ளை, நீலம், சிவப்பு என்று அப்பிய தூரிகைத் தீற்றல்கள்தான். உடலில் ஒளியும் நிழலும் படிப்படியாகக் குழையவில்லை. நடுவிலிருக்க வேண்டிய இடைநிறங்களை மனே நீக்கிவிட்டார். உடல் தட்டையாகவும் பூ திட்டுகளாகவும் இருப்பது திட்டமிட்ட வேலை.

தவறிய பாதி எது? பணிப்பெண்ணை வெறும் கறுப்புத் திட்டாகப் படித்ததில் ஒரு மனிதர் மறைந்துபோனார். அவருக்கு மாடலாக இருந்தவர் பெயர் லோர். மனேயின் குறிப்பேட்டில் அந்தப் பெயர் இருக்கிறது. ஆனாலும் நூறாண்டுக்கு மேல் விமர்சனங்களில் அவர் 'பூ கொண்டுவரும் பணிப்பெண்' மட்டுமே. 2019-இல் பாரிஸின் ஓர்சே அருங்காட்சியகம் கறுப்பின மாடல்களைப் பற்றி ஒரு கண்காட்சி நடத்திய பிறகே பொது வாசகர்களில் பலர் அந்தப் பெயரைக் கேட்டார்கள். நிறம், திட்டு, கோடு என்று வடிவத்தை மட்டும் படித்தால் போதும் என்பவர்களுக்கு இது நல்ல எச்சரிக்கை.

அதே 1865-இல் எட்கர் தெகா வரைந்த படம் ஒன்று நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 73.7-க்கு 92.7 செ.மீ. மேசை நடுவில் ஜாடி கொள்ளாத பெரிய பூங்கொத்து. பெண்ணோ வலது ஓரத்துக்குத் தள்ளப்பட்டிருக்கிறாள். கை வாயருகே, பார்வை சட்டகத்துக்கு வெளியே. உடலின் ஒரு பகுதியைப் படத்தின் விளிம்பு வெட்டிவிட்டது. ஃபெலிபியனின் ஏணி இங்கே தலைகீழாகிவிட்டது: பூ அரியணையில், மனித உருவம் மூலையில்.

வினோதம் என்னவென்றால், இதனால் பெண் சிறுத்துவிடவில்லை. கொத்தின் கூட்ட நெரிசலைப் பார்த்துக் களைத்த கண், ஓரத்தில் தனியாக இருக்கும் முகத்துக்குத்தான் போகிறது. அவள் எதையோ நினைத்துக்கொண்டிருக்கிறாள், அது நமக்குத் தெரியாது. பூவின் வேலை இங்கே பொருள் சொல்வதல்ல, அவளை நம்மிடமிருந்து தள்ளி வைப்பது.

இந்தப் படம் நீண்ட காலம் 'செவ்வந்திகளுடன் ஒரு பெண்' என்று அழைக்கப்பட்டது. கொத்திலோ ஆஸ்டர், டேலியா போன்ற கோடை முடிவின் பூக்கள் இருக்கின்றன. தவறான தலைப்பு என்ன செய்யும் பாருங்கள். இன்று பிரான்சில் செவ்வந்தி கல்லறைக்கு எடுத்துப்போகும் பூ. தலைப்பை நம்பினால், அவள் துக்கத்தில் இருக்கிறாள் என்ற விளக்கம் நொடியில் தயாராகிவிடும். பூவும் தவறு, காலமும் தவறு, ஏனென்றால் கல்லறைக்குச் செவ்வந்தி கொண்டுபோகும் வழக்கம் அங்கே பரவலானது முதல் உலகப் போருக்குப் பிறகுதான்.

நிறம் மாறிய பூக்கள்

பொருள் தேடுவோர் அடிக்கடி மறப்பது வண்ணத்தின் வேதியியல்.

வின்சென்ட் வான்கோ 1890 மே மாதம், சான்-ரெமி மருத்துவமனையை விட்டுக் கிளம்புவதற்கு முன், நான்கு பூங்கொத்துகளை வரைந்தார்: இரண்டு ஐரிஸ், இரண்டு ரோஜா. இன்று அவற்றில் ரோஜாக்கள் வெள்ளை. அமைதி, தூய்மை என்றெல்லாம் எழுதத் தோன்றும். ஆனால் வரைந்தபோது அவை இளஞ்சிவப்பு. ஓர் ஐரிஸ் படத்தின் பின்புலமும் அப்படியே. இளஞ்சிவப்புப் பின்னணியில் ஊதா ஐரிஸ்கள் மென்மையான இசைவைத் தருவதாக அவரே கடிதத்தில் எழுதியிருக்கிறார். இப்போது அந்தப் பின்னணி ஏறக்குறைய வெள்ளை, ஊதாப் பூக்கள் நீலம். 2015-இல் நான்கையும் ஒன்றாக வைத்து மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் இந்த மாற்றத்தை விளக்கிக் காட்டியது.

நடந்தது இதுதான். சிவப்புச் சாயத்தை நிறமற்ற பொடியில் ஏற்றிச் செய்யும் நிறமிக்கு லேக் என்று பெயர். அக்காலத்தில் புதிதாக வந்த இயோசின் சாயத்தில் செய்த லேக் கண்ணைப் பறிக்கும் சிவப்பு; ஆனால் ஒளி பட்டால் மங்கிவிடும். வெள்ளையோடு கலந்த இடத்தில் சிவப்பு போனால் மிஞ்சுவது வெள்ளை. நீலத்தோடு கலந்த இடத்தில் மிஞ்சுவது நீலம். சூரியகாந்திகளில் வேறு சிக்கல்: குரோம் மஞ்சள் என்ற நிறமி ஒளியில் பழுப்பாகக் கறுக்கிறது. அதிலுள்ள குரோமியம் ஒரு வேதிநிலையிலிருந்து இன்னொன்றுக்கு (அறுமதிப்பிலிருந்து மும்மதிப்புக்கு) மாறுவதே காரணம் என்று 2011-இல் எக்ஸ் கதிர் ஆய்வில் கண்டறிந்தார்கள். நிறங்கள் மங்கும் என்பது வான்கோவுக்குத் தெரியும். காலம் எப்படியும் மென்மையாக்கிவிடும், ஆகவே துணிந்து அழுத்தமாகப் பூசவேண்டும் என்று எழுதியவர் அவர்.

மனித உருவோடு பூவை அவர் எப்படிச் சேர்த்தார் என்பதற்கு 'தாலாட்டுபவள்' நல்ல சான்று. ஆர்ல் நகரில் தபால் ஊழியர் ரூலனின் மனைவி ஒகுஸ்தீனை 1888 இறுதியில் தொடங்கி ஐந்து முறை வரைந்தார். அவர் கையில் ஒரு கயிறு. படத்துக்கு வெளியே இருக்கும் தொட்டிலை ஆட்டும் கயிறு. பின்சுவர் முழுக்கப் பூத்தாள், அதில் டேலியாக்கள். அதோடு விடவில்லை. இந்தப் படத்தை நடுவில் வைத்து இருபுறமும் சூரியகாந்திப் படங்களை மாட்ட வேண்டும் என்று 1889 மே மாதம் தம்பி தியோவுக்குப் படம் போட்டே காட்டினார். தேவாலயப் பலிபீடத்தில் நடுவில் மாதாவும் இருபுறமும் மடிப்புப் பலகைகளும் இருக்கும் முத்தட்டு அமைப்பு அது. சூரியகாந்தி தனியாகத் தொங்கும்போது நாம் காண்பது ஒரு பூ ஓவியத்தை. வான்கோவின் மனத்தில் அது ஒரு தாயின் இரு பக்கமும் எரியும் விளக்குப் போல இருந்தது. அருங்காட்சியகச் சுவர் இந்த உறவைப் பிரித்துவிட்டது. வாசகர்தான் மனத்தில் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

பாரமாகிவிட்ட பூ

மெக்சிகோ ஓவியர் தியேகோ ரிவேராவின் 'பூச் சுமப்பவர்' (1935) சான் ஃபிரான்சிஸ்கோ நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஏறத்தாழ 122 செ.மீ. சதுரம். வெள்ளை உடை உழவர் ஒருவர் கையும் முழங்காலும் தரையில் ஊன்றி எழ முயல்கிறார். முதுகில் பெரிய கூடை நிறையப் பூக்கள். மார்பின் குறுக்கே ஒரு மஞ்சள் துணி அந்தக் கூடையைக் கட்டியிருக்கிறது. பின்னால் ஒரு பெண் கூடையைத் தாங்கிப் பிடிக்கிறாள்.

உடலையும் பூவையும் எடைபோட்டுப் பார்த்தால் படம் திறந்துகொள்ளும். அந்தக் கூடை அளவு பூ ஓர் ஆளைத் தரையில் அழுத்தும் எடை ஆகாது. உடலோ கல் மூட்டையைச் சுமப்பதுபோல் வளைந்திருக்கிறது. இந்தப் பொருந்தாமையை ஓவியர் வேண்டுமென்றே வைத்திருக்கிறார். பூவின் எடையல்ல, பூவை விற்றுப் பிழைக்க வேண்டிய வாழ்வின் எடை. முகம் கவிழ்ந்திருப்பதால் சுமப்பவருக்குப் பூக்கள் தெரியாது. அழகு முழுவதும் வாங்குபவரின் பக்கம். கோயம்பேட்டிலோ மதுரை மாட்டுத்தாவணியிலோ விடிகாலையில் பூ மூட்டை இறக்குவதைப் பார்த்தவர்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

ரிவேராவின் வேறு பல படங்களில் காலா லில்லி நிறைந்திருக்கும். 'மலர் நாள்' (1925) படத்தில் பூ விற்பவர் கூடையின் பாரத்தில் குனிந்திருக்க, வெள்ளைக் காலாக்கள் அவர் தலைக்கு மேல் ஒளிவட்டம் போல விரிகின்றன. இதைப் பார்த்து, மெக்சிகோ மண்ணின் ஆதிப் பூ என்று எழுதிவிடுவது எளிது. காலாவின் தாயகம் தென்னாப்பிரிக்கா. அதோடு, வெள்ளையாகத் தெரிவது இதழும் அல்ல, பாளை. சேம்பின் குடும்பத்தைச் சேர்ந்த செடி அது. உண்மையான பூக்கள் நடுவிலுள்ள மஞ்சள் தண்டில் பொடிப்பொடியாக இருக்கின்றன. ரிவேராவுக்கு அந்தப் பாளையின் ஒற்றை வளைவு வேண்டியிருந்தது. உழவரின் முதுகு வளைவும் பாளையின் வளைவும் ஒரே கோட்டில் வருவதைப் படத்தின் மீது விரலால் வரைந்தே பார்க்கலாம்.

இதற்கு நேர்மாறு துலுக்கச் செவ்வந்தி. நம் ஊர்த் திருவிழா மாலையில் தவறாமல் இருக்கும் அந்தப் பூவின் தாயகம்தான் மெக்சிகோ. அங்கே அது இறந்தோர் நாளுக்குரிய பூ. நம் பழக்கத்தைக் கொண்டு அவர்கள் படத்தை மங்கலமாகப் படித்தால் கதை தலைகீழாகும்.

முகத்தின் இடத்தில் பூ

இருபதாம் நூற்றாண்டின் நடுவில் பூ உருவத்தின் பக்கத்திலிருந்து உருவத்துக்குள்ளேயே நுழைந்தது. பிக்காசோ 1946-இல் தம் துணைவியான ஓவியர் ஃபிரான்சுவாஸ் ஜிலோவைப் 'பூப்பெண்' ஆக்கினார்: உடல் காம்பு, கூந்தல் இலை, முகம் நீலம் படர்ந்த முட்டை வடிவம். ரெனே மக்ரித் 1964-இல் வரைந்த 'பெரும் போர்' படத்தில், வெள்ளை உடைச் சீமாட்டி ஒருத்தியின் முகத்துக்கு நேராக வயலட் கொத்து ஒன்று நிற்கிறது. முதலாவதில் பூ முகத்தைத் தருகிறது, இரண்டாவதில் பறிக்கிறது. மக்ரித்தில் வயலட்டின் அகராதிப் பொருளைத் தேடிப் பயனில்லை. பார்க்க முடியாததைப் பார்க்கத் துடிக்கும் நம் கண்தான் அங்கே பேசுபொருள்.

படிக்கும் வரிசை

முன்பின் மாற்றாமல் செய்தால் பெரும்பாலான தவறுகள் தவிரும்.

1. அளவை உணருங்கள். கைபேசியில் எல்லாப் படமும் ஒரே அளவு. ஓ'கீஃபின் ஊமத்தை 122-க்கு 102 செ.மீ. சுவரில் சாக்பீஸால் அந்தக் கட்டத்தைப் போட்டு எதிரே நின்றால், பூ உங்கள் உடலின் அளவுக்கு வந்துவிட்டது தெரியும்.

2. தலைப்பை மறைத்துப் பாருங்கள். பல தலைப்புகள் பின்னால் வந்தவை. ரிவேராவின் படமே முன்பு 'பூ விற்பவர்' என்று வழங்கியது.

3. கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். விவரங்கள் போய், வெளிச்சமும் இருளும் மட்டும் மிஞ்சும். மிக வெளிச்சமான இடம் உடலா, பூவா? நடுவில் யார், விளிம்பில் யார்?

4. பூ பறித்ததா, செடியிலா? அரும்பா, வீயா? கையில், கூந்தலில், மடியில், முதுகில், எங்கே தொடுகிறது? உருவம் அதைப் பார்க்கிறதா?

5. தோலும் இதழும் ஒரே தூரிகையால் தீட்டப்பட்டனவா என்று பாருங்கள். ஒரே மாதிரி குழைத்திருந்தால் ஓவியர் இரண்டையும் ஒன்றாக்குகிறார். வேறுவேறாக இருந்தால் பிரிக்கிறார்.

6. இதற்குப் பிறகுதான் பூவின் பெயர், பருவம், அந்த ஊரில் அந்தக் காலத்தில் அதன் பயன்.

7. நிறத்தை வைத்து எதையும் சொல்லுமுன் அருங்காட்சியகத்தின் பாதுகாப்புக் குறிப்பைப் பாருங்கள்.

ஆளில்லாத பூவில் ஆள் எப்படித் தெரிகிறார்?

ஓ'கீஃப் பெரிய பூக்களை வரையத் தொடங்கியது 1924 வாக்கில். அதற்கு மூன்று ஆண்டுகள் முன்பே, 1921-இல், அவருடைய துணைவரும் பின்னால் கணவரும் ஆன ஆல்ஃபிரட் ஸ்டீக்லிட்ஸ், ஓ'கீஃபின் ஆடையற்ற உடலைக் காட்டும் படங்கள் உட்படத் தம் ஒளிப்படங்களை நியூயார்க்கில் காட்சிக்கு வைத்திருந்தார். மனத்தில் மறைந்திருக்கும் பாலுணர்வைப் பற்றி உளவியலாளர் ஃப்ராய்ட் சொன்ன கருத்துகள் பேச்சில் அடிபட்ட காலம். விமர்சகர்கள் பூக்களைப் பார்க்க வந்தபோது அவர்கள் கண்ணில் அந்த உடல் ஏற்கெனவே இருந்தது. பூவுக்கு முன்பே வாசிப்பு தயார்.

ஆனாலும் ஸ்டீக்லிட்ஸை மட்டும் சொல்லி முடித்துவிட முடியாது. படத்திலேயே காரணங்கள் உண்டு. பூ விளிம்பு வரை விரிந்து, அளவு சொல்ல மேசையோ கையோ இல்லாமல் நிற்கிறது. அளவுகோல் இல்லாத இடத்தில் கண் தன் உடலையே அளவுகோலாக எடுத்துக்கொள்கிறது. மடிப்புகளின் மேல் ஒளி மெல்லக் குழைந்து இருளாவது, ஐரோப்பிய ஓவியத்தில் தோலை வரையும் முறை. மனே கைவிட்ட இடைநிறங்களை இவர் இதழுக்குக் கொடுத்தார்.

1939-இல் ஒரு கண்காட்சிக் குறிப்பில் அவர் நேராகவே பதில் எழுதினார். நியூயார்க்கின் அவசரக்காரர்கள் நின்று பார்க்க வேண்டும் என்றே பெரிதாக வரைந்தேன். நீங்களோ உங்களுக்குப் பூவோடு இருக்கும் தொடர்புகளை எல்லாம் என் பூவில் தொங்கவிட்டு, நீங்கள் காண்பதையே நானும் காண்பதுபோல் எழுதுகிறீர்கள் என்பது அதன் சாரம். 1970-களில் பெண்ணியக் கலைஞர்கள் இந்தப் பூக்களைப் பெருமிதத்தோடு பெண்ணுடலாகப் படித்தபோதும் அவர் ஏற்கவில்லை. ஓவியர் மறுத்தால் வாசிப்பு செல்லாது என்று சட்டமில்லை. ஆனால் படம் எதனால் அப்படித் தெரிகிறது என்று காட்ட முடிந்தவருக்கே அந்த வாசிப்பைச் சொல்லும் உரிமை உண்டு. 'பெண் வரைந்த பூ, ஆகவே பெண்ணுடல்' என்பது காட்டுதல் ஆகாது. அது 1667-இன் ஏணியின் கடைசிப் படி.

தமிழ் வாசகருக்கு இங்கே இன்னொரு கதவும் உண்டு. ஊமத்தை நமக்குச் சிவன் சூடும் பூ, நஞ்சு, பித்து. ஓ'கீஃப் வாழ்ந்த நியூ மெக்சிகோவில் அதன் உறவினச் செடி வறண்ட மண்ணில் தானாக முளைத்து மாலைக்கு மேல் விரியும். நம் நினைவை அவர் படத்தில் ஏற்றக் கூடாது. அது அவருடைய ஊமத்தை அல்ல. ஆனால் நஞ்சுச்செடி என்ற அறிவு பயன்படும்: இவ்வளவு மென்மையாகத் தீட்டப்பட்டது தொட்டால் தீங்கு செய்யும் செடி என்று தெரிந்த கண், 'மென்மை, பெண்மை' என்று அவசரப்படாது.

காலோவின் கட்டிலுக்குத் திரும்பினால்

மேலும் கீழுமாக இரண்டு படுக்கைகள். மேலே எலும்புக்கூடு, கீழே ஃப்ரீடா. இருவர் தலைக்கும் இரண்டிரண்டு தலையணைகள். எலும்புக்கூட்டைச் சுற்றி வெடிகள் கட்டியிருக்கின்றன, கையில் பறித்த பூங்கொத்து. ஃப்ரீடாவின் மேலோ இலைக் கொடி படர்கிறது. போர்வையில் நெய்ததா, உடலிலிருந்து முளைத்ததா என்று பிரிக்க முடியாதபடி. பறித்தது மேலே, வளர்வது கீழே. பூவின் பெயர் தெரியாமலேயே படத்தின் பாதி வாதம் கைக்கு வந்துவிட்டது.

மீதிப் பாதிக்கு ஊர் வழக்கம் தேவை. மெக்சிகோவில் ஈஸ்டருக்கு முந்தைய சனிக்கிழமை யூதாசின் காகிதக்கூழ் உருவங்களில் வெடி கட்டிக் கொளுத்துவார்கள். அந்த எலும்புக்கூடும் அப்படிப்பட்ட பொம்மைதான். அதைக் காலோ கற்பனையில் உருவாக்கவில்லை. தம் கட்டிலின் மேற்கூரையில் உண்மையாகவே வைத்திருந்தார். அதன் கீழேதான் தூங்கினார்.